கருணாபுரமும் சீராக் நூலின் 38-ஆம் அதிகாரமும்



திருவிவிலியத்தின் ஞானநூல்களுள் நமது இல்லங்களில் அதிகம் திறக்கப்படாத நூல் சீராக்கின் ஞானம். திருப்பாடல்கள் நமக்கு மனப்பாடம். நீதிமொழிகளில் ஒன்றிரண்டு நம் வீட்டு நாள்காட்டியில் தொங்குகின்றன. சீராக்கின் பெயரோ, பிரிந்த சபையினரின் வேதாகமத்தில் அது ஏன் இல்லை என்ற விவாதம் வரும்போது மட்டுமே அடிபடுகிறது. கிறிஸ்து பிறப்பதற்கு ஏறத்தாழ 180 ஆண்டுகளுக்கு முன் எருசலேமில் எபிரேய மொழியில் எழுதப்பட்டு, ஆசிரியரின் பேரனால் எகிப்தில் கிரேக்கத்துக்குப் பெயர்க்கப்பட்ட நூல் இது. கடன் கொடுப்பது, விருந்தில் எப்படி உட்காருவது, நண்பனை எப்படி அறிவது, பிள்ளையை எப்படி வளர்ப்பது என்று வீட்டுப் பெரியவர் ஒருவர் திண்ணையில் அமர்ந்து பேசுவது போல அது பேசுகிறது. அன்றாட வாழ்வுக்கு இறைவார்த்தையில் வழி தேடுகிறவர்கள் முதலில் திறக்க வேண்டிய நூல் இதுவே என்பது நமது எண்ணம்.

அதன் 38-ஆம் அதிகாரம் மூன்று வகை மனிதர்களைப் பற்றிப் பேசுகிறது. முதலில் மருத்துவர், அடுத்து இறந்தவருக்காக அழுகிறவர், கடைசியாகக் கையால் உழைத்துப் பிழைப்பவர். இம்மூவரும் ஏன் ஒரே அதிகாரத்தில் அடுத்தடுத்து வருகிறார்கள் என்று நாம் பெரிதாக யோசித்திருக்க மாட்டோம். 2024 ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சியில் நடந்ததை வைத்து அந்த அதிகாரத்தைப் படித்தால், மூவரும் ஒரே தெருவில் நிற்பது தெரிகிறது.

கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரம் பகுதியில் ஜூன் 18, 19 தேதிகளில் பாக்கெட்டுகளில் விற்கப்பட்ட விஷச் சாராயத்தைக் குடித்தவர்களில் 65-க்கும் மேற்பட்டோர் அடுத்தடுத்து இறந்தனர். அவர்களில் பெண்களும் உண்டு. பெரும்பாலோர் மூட்டை தூக்குதல் போன்ற அன்றாடக் கூலி வேலை செய்தவர்கள். கள்ளக்குறிச்சி, முண்டியம்பாக்கம், சேலம் அரசு மருத்துவமனைகளிலும் புதுச்சேரி ஜிப்மரிலும் நூற்றுக்கும் அதிகமானோர் சேர்க்கப்பட்டனர். முந்தைய ஆண்டு, 2023 மே மாதத்தில்தான், மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் இதே வகை விஷம் 20-க்கும் மேற்பட்டோரைக் கொன்றிருந்தது. அந்தக் கண்ணீர் காய்வதற்குள் இது நடந்தது.

இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். இந்தச் செய்தி வந்ததும் பலர் கல்வராயன் மலையைக் கை காட்டினார்கள். மலையில் வெல்லமும் மரப்பட்டையும் ஊறப்போட்டுக் காய்ச்சும் சாராயம் நெடுங்காலமாக இருப்பது உண்மை. அதை நாம் நியாயப்படுத்தவில்லை. ஆனால் கருணாபுரத்தில் உயிர் குடித்தது மெத்தனால். அது தொழிற்சாலைகளில் பயன்படும் இரசாயனம். மலைவாசி ஒருவர் அடுப்பு மூட்டிக் காய்ச்சி எடுக்கும் பொருள் அல்ல அது. சமவெளியின் வியாபாரம் செய்த கொலைக்கு மலைமக்கள் மேல் பழி போடுவது எளிது. ஏழையின் பேரில் பொய்ச்சாட்சி சொல்வதும் பத்துக் கட்டளைகளுக்கு எதிரான பாவம்தான்.

இனி சீராக்கிடம் வருவோம். அதிகாரத்தின் முதல் பகுதி மருத்துவரை மதிக்கச் சொல்கிறது. மருந்துகளை மண்ணிலிருந்து ஆண்டவரே படைத்தார், அறிவுள்ளவர் அவற்றைப் புறக்கணிக்கமாட்டார் என்கிறது (38:4). நோயுற்றவர் முதலில் மன்றாட வேண்டும், பாவத்தை விட்டு விலக வேண்டும். பிறகு மருத்துவருக்கு இடம் கொடுக்க வேண்டும், அவரும் தேவை (38:9-12). செபமும் வேண்டும், மருத்துவமும் வேண்டும். இரண்டில் ஒன்றைக் காட்டி மற்றதைத் தள்ளிவைக்க இந்த நூல் இடம் தரவில்லை.

மெத்தனால் விஷயத்தில் இந்த அறிவுரை உயிர் காக்கும் அறிவுரை. அது வயிற்றுக்குள் போனவுடன் கொல்வதில்லை. முதல் பல மணி நேரம் வழக்கமான போதை போலத்தான் இருக்கும். பிறகு கல்லீரல் அதை ஃபார்மால்டிஹைடாகவும், ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றுகிறது. அந்த அமிலம் இரத்தத்தைப் புளிக்கச் செய்து, முதலில் கண் நரம்பைத் தாக்குகிறது. பார்வை மங்குதல், பனிமூட்டம் போலத் தெரிதல், வயிற்று வலி, வாந்தி, மூச்சுத் திணறல் ஆகியவை தோன்றும்போது அரை நாளுக்கு மேல் ஓடியிருக்கும். மாற்று மருந்தும் டயாலிசிஸ் சிகிச்சையும் நேரத்தில் கிடைத்தால் பிழைக்க வழி உண்டு. பிழைத்தவர் சிலருக்குப் பார்வை திரும்புவதில்லை.

ஆனால் நம் வீடுகளில் நடப்பது என்ன? "நேத்து கொஞ்சம் அதிகமாயிடுச்சு, தூங்கினா சரியாயிடும்" என்று படுக்கப் போடுகிறோம். மோர் கொடுக்கிறோம். மருத்துவமனைக்குப் போனாலும் வயிற்று வலி என்று மட்டும் சொல்கிறோம். போலீஸ் கேஸ் ஆகிவிடும், மானம் போய்விடும், பெண் கேட்டு வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்ற பயம் ஒரு பக்கம். குடிகாரனுக்கு இதுவும் வேண்டும் என்ற கோபம் மறுபக்கம். பல ஆண்டுகள் அடி வாங்கிய மனைவியின் கோபத்தை நாம் குறை சொல்ல முடியாது. ஆனாலும், நோயாளியைப் பற்றிப் பேசும்போது சீராக் தகுதி பார்க்கவில்லை. பாவத்தைக் கழுவச் சொன்ன அதே மூச்சில்தான் மருத்துவரையும் அழைக்கச் சொல்கிறார். குடித்தவரின் கண் மங்குகிறது என்றால் 108-ஐ அழையுங்கள். என்ன குடித்தார், எப்போது குடித்தார் என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். மறைக்கும் ஒவ்வொரு மணி நேரமும் கண்ணையும் உயிரையும் கொண்டுபோகும்.

இரண்டாம் பகுதி துக்க வீடு. இங்கே சற்று நின்று யோசிக்க வேண்டும். கருணாபுரத்தில் முதலில் இறந்தவர்களின் வீட்டுக்குத் துக்கம் விசாரிக்க வந்தவர்களும் அதே பாக்கெட்டை வாங்கிக் குடித்தார்கள் என்று அந்நாட்களில் செய்திகள் வந்தன. சாவுக்குக் காரணமான பொருளையே அந்தச் சாவின் துக்கத்தை ஆற்றக் குடித்திருக்கிறார்கள். கேட்கும்போது நெஞ்சு பதறுகிறது. ஆனால் இழவு வீட்டில் சாராயம் என்பது கருணாபுரத்துக்கு மட்டும் உரியதா? நம் பங்குகளில், சிலுவை முன்னால் போக செபமாலை சொல்லிக்கொண்டு போகிற இறுதி ஊர்வலத்தின் பின்வரிசை எப்படி இருக்கிறது என்று நமக்குத் தெரியும். பறையடிப்பவர்களுக்கு, குழி வெட்டுகிறவர்களுக்கு, இரவு முழுவதும் கண்விழித்த உறவுமுறை ஆண்களுக்கு 'செலவுக்கு' என்று துக்க வீட்டாரிடம் பணம் கேட்கப்படுகிறது. அது என்ன செலவு என்று கேட்பவருக்கும் தெரியும், கொடுப்பவருக்கும் தெரியும். கடன் வாங்கியாவது கொடுக்கிறார்கள். இல்லாவிட்டால் செத்தவருக்கு மரியாதை செய்யவில்லை என்று ஊர் பேசும்.

துக்கத்தில் குடிப்பதற்கு விவிலிய ஆதாரமே காட்டுகிறவர்கள் உண்டு. நீதிமொழிகள் 31-ஆம் அதிகாரத்தில், அழிகிற நிலையில் இருப்பவருக்கும் மனம் கசந்தவருக்கும் மது கொடுக்கலாம், அவர் தம் வறுமையை மறக்கட்டும் என்று வருகிறது. இறந்தவர் வீட்டில் தேற்றரவின் கிண்ணம் கொடுக்கும் பழக்கம் யூதரிடையே இருந்ததை எரேமியா 16:7-ம் காட்டுகிறது. இவற்றை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் நீதிமொழிகளின் அந்த வரியைப் பேசுவது யார், யாரிடம் பேசுகிறார் என்று பார்க்க வேண்டும். அரசன் இலமுவேலிடம் அவன் தாய் பேசுகிறாள். ஆளுகிறவன் குடிக்கலாகாது, குடித்தால் சட்டத்தை மறந்து எளியவரின் வழக்கைப் புரட்டிவிடுவான் என்பதுதான் அவளுடைய பேச்சின் தொடக்கம். ஏழைக்குக் குடியை விட்டுவிட்டு நீ உன் வேலையைப் பார் என்று அவள் நிறுத்திக்கொள்ளவில்லை. அடுத்த வசனங்களிலேயே, பேச வாயற்றவர்களுக்காக நீ வாய் திற, ஏழைக்கு நீதி வழங்கு என்கிறாள் (31:8-9). முதலையும் முடிவையும் விட்டுவிட்டு நடுவிலுள்ள வரியை மட்டும் பிடித்துக்கொள்வது பாட்டிலைப் பிடித்துக்கொள்வதற்கான வழி. வறுமையை மறக்க வைக்க மது போதும் என்றால், நீதி எதற்கு?

துக்கத்துக்குச் சீராக் தரும் வழி வேறு. இறந்தவருக்காகக் கண்ணீர் விடு, உரிய முறையில் உடலை அடக்கம் செய், மனம் கசந்து அழு, அவருடைய தகுதிக்கு ஏற்பத் துக்கம் கொண்டாடு. பின்பு ஆறுதல் அடை (38:16-17). அழுவதை வெட்கமாக அவர் நினைக்கவில்லை. நம் ஊரிலோ பெண்கள் ஒப்பாரி வைத்து அழுதுவிடுகிறார்கள். ஆண்பிள்ளை அழக்கூடாது என்று வளர்க்கப்பட்டவன் அழுவதற்கே ஒரு குவார்ட்டர் தேவைப்படுகிறது. மகன்களை அழ விடுங்கள் என்று நமது அன்பியங்களில் யாராவது சொல்லியிருக்கிறோமா?

இந்த இடத்தில் அன்பியம் ஒன்று செய்யக்கூடியது பெரிய காரியம் அல்ல. துக்க வீட்டில் மது வாங்க யாரும் பணம் கேட்பதில்லை, யாரும் கொடுப்பதில்லை என்று அன்பியக் குடும்பங்கள் எல்லாம் சாவு எதுவும் இல்லாத ஒரு நாளில் கூடி முடிவெடுக்க வேண்டும். சாவு விழுந்த அன்று பேசினால் அது சண்டையில் முடியும். விருந்தில் மது இருக்கும்போது அடுத்திருப்பவரைக் கண்டிக்காதே என்று சீராக்கே 31-ஆம் அதிகாரத்தில் எச்சரிக்கிறார். நேரம் பார்த்துப் பேசுவதும் ஞானம்தான். இரவு விழித்திருப்பவர்களுக்குச் சுக்குக் காபியும் காலையில் பசியாறலும் அன்பியத்தின் பொறுப்பு. அந்த வீட்டு அடுப்பு எரியாத நாட்களில் யார் வீட்டிலிருந்து சாப்பாடு போகும் என்பதையும் முன்கூட்டியே பேசி வைக்கலாம்.

குழி வெட்டியவருக்கும் பறையடித்தவருக்கும் கூலி உண்டு. அதைப் பணமாக, முழுமையாக, அவர் கையில் கொடுக்க வேண்டும். கூலியில் பாதியைப் பாட்டிலாகக் கழிப்பது கூலியைக் கெடுப்பதே. கூலிக்காரரின் பிழைப்பைப் பறிப்பவனை இரத்தம் சிந்துகிறவனோடு சேர்த்து வைக்கிறது சீராக்கின் 34-ஆம் அதிகாரம். பண்ணையிலோ கட்டட வேலையிலோ ஆள் வைத்து வேலை வாங்குகிற நம்மவர்கள் அந்த அதிகாரத்தை ஒரு முறை திறந்து பார்ப்பது நல்லது. களைத்தவனுக்கு ஊற்றிக்கொடுத்து வேலை வாங்குவது தாராள மனம் என்று இன்னும் நம்புகிறவர்கள் இருக்கிறார்கள்.

அதிகாரத்தின் மூன்றாம் பகுதி அந்தக் கூலிக்காரரையே முன்னால் நிறுத்துகிறது. ஏர் பிடிப்பவர், கொல்லர், குயவர் எல்லாரும் தம் கைகளை நம்பி வாழ்கிறார்கள். அவர்கள் இல்லாமல் எந்த ஊரிலும் குடியிருக்க முடியாது. ஆனாலும் மக்கள் மன்றத்தில் அவர்களை யாரும் கருத்துக் கேட்பதில்லை என்கிறார் ஆசிரியர் (38:32-33). படித்தவரான சீராக் இதில் படித்தவரையே உயர்வாக வைக்கிறார் என்பதையும் ஒளிக்க வேண்டாம். ஆனால் உலகின் கட்டுக்கோப்பை நிலைநிறுத்துபவர்கள் கைத்தொழிலாளர்களே என்று ஒப்புக்கொண்டுதான் அவர் பேச்சை முடிக்கிறார்.

கல்வராயன் மலைமக்களின் வரலாறு இந்த வரிகளுக்கு விளக்கம் போல இருக்கிறது. 1976 வரை அம்மலை ஜாகீர்தார்களின் கையில் இருந்தது. சாமையும் தினையும் விளைவித்து, கடுக்காயும் தேனும் புளியும் சேகரித்து, மரவள்ளி பயிரிட்டு வாழும் மக்கள், நாடு விடுதலை அடைந்து ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் வரை ஜாகீர் ஆட்சியின் கீழேயே இருந்தார்கள். கருணாபுரச் சாவுகளுக்குப் பின், 2024 ஜூலையில், கல்வராயன் மலைமக்களின் வாழ்க்கைத்தரம் பற்றிச் சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே முன்வந்து வழக்கு எடுத்தது. சாலை, பள்ளி, மருத்துவம் பற்றிய கேள்விகள் நீதிமன்றத்தில் எழுந்தன. அதற்கு சமவெளியில் அத்தனை பேர் இறக்க வேண்டியிருந்தது. அதே ஜூன் மாத இறுதியில் சட்டமன்றம் மதுவிலக்குச் சட்டத்தைத் திருத்தித் தண்டனையை ஆயுள் சிறை வரை உயர்த்தியது. நவம்பரில் நீதிமன்றம் இறப்பு வழக்கை மத்திய புலனாய்வுத் துறைக்கு மாற்றியது. இவை அரசும் நீதிமன்றமும் செய்தவை.

நமது பங்குப்பேரவைகளிலும் ஒரு மக்கள் மன்றம் உண்டு. திருவிழா எப்போது, கொடியேற்றம் யார் உபயம், தேர் எந்தத் தெரு வழியாகப் போக வேண்டும் என்று அங்கே பேசுகிறோம். கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டுபவர், மூட்டை தூக்குபவர், கரும்பு வெட்டப் பிள்ளைகளோடு வெளியூர் போய்ப் பொங்கலுக்கு மட்டும் திரும்புகிற குடும்பத்தின் தாய் ஆகியோரில் ஒருவராவது அந்த நாற்காலிகளில் உட்கார்ந்திருக்கிறாரா? குடி நிறுத்தம் பற்றி அவர்களை வைத்துக்கொண்டு பேசினால் வேறு செய்திகள் வெளிவரும். சம்பளம் கையில் வரும் சனிக்கிழமை மாலை பாக்கெட் எந்தச் சந்தில் விற்கிறது, எந்த வீட்டில் பிள்ளை பள்ளிக்கு வரவில்லை, எந்தப் பெண் இரவில் எங்கே ஒளிந்துகொள்கிறாள் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். அடுத்த பேரவைத் தேர்தலுக்குப் பெயர்கள் கொடுக்கும்போது, அன்பியப் பொறுப்பாளர்கள் அந்தத் தெருவிலிருந்தும் ஒரு பெயரை எழுதிக்கொண்டு வரட்டும்.