மலை நெல்லியில் பழப் பாகு

பழச்சாறு கெடுவதற்குக் காரணம் அதிலுள்ள தண்ணீர். ஈஸ்டும் பூஞ்சையும் அதில்தான் பெருகுகின்றன. சாற்றில் சர்க்கரை போதுமான அளவு கரைந்துவிட்டால், தண்ணீரை அது தன்னிடம் பிடித்துக்கொள்ளும். கிருமிகள் வளர வழியிருக்காது. பழப் பாகு பல மாதம் தாங்குவது இப்படித்தான். இந்திய உணவுத் தர விதிப்படி, பழப் பாகில் கரைந்த திடப்பொருள் 65 சதவீதமும் பழச்சாறு 25 சதவீதமும் குறைந்தபட்சம் இருக்க வேண்டும். ஸ்குவாஷில் திடப்பொருள் 40 சதவீதம் போதும். அதனால் அது கெடாமலிருக்க வேறு பொருள் சேர்க்க வேண்டியிருக்கிறது.

சத்தியமங்கலம் பகுதியில் பாகுக்கு ஏற்ற பழம் மலை நெல்லி. கடம்பூர், தாளவாடி மலைக்காடுகளில் ஊராளி, சோளகர், இருளர் மக்கள் தேன், கடுக்காய், சீமாறு புல்லோடு நெல்லியையும் சேகரிக்கிறார்கள். சிறு வன மகசூலை எடுக்கவும் விற்கவும் 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் அவர்களுக்கு உரிமை தந்திருக்கிறது. மார்கழி, தை மாதங்களில் காய் நிறையக் கிடைக்கும்.

கொட்டை நீக்கிய நெல்லியைத் துருவி, மெல்லிய துணியில் பிழிந்தால் சாறு கிடைக்கும். ஒரு லிட்டர் சாற்றுக்கு ஒன்றரைக் கிலோ சர்க்கரை சேர்த்து, மிதமான தீயில் கரைய விட வேண்டும். எவர்சில்வர் பாத்திரமே நல்லது. நெல்லியின் துவர்ப்புப் பொருள் இரும்பில் பட்டால் கறுத்துவிடும். நுரையை எடுத்துவிட்டு, ஒரு சொட்டை ஆறவைத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தொட்டு இழுத்துப் பார்க்க வேண்டும். கம்பி தோன்றி உடனே அறுந்தால் இறக்கிவிடலாம். அப்போது சூடு ஏறக்குறைய 104 டிகிரி செல்சியஸ் இருக்கும். அதற்கு மேல் கொதித்தால் வைட்டமின் சி வீணாகும். ஆறியபின் சர்க்கரை பூத்துவிடவும் கூடும். தண்ணீரில் கொதிக்கவைத்து உலர்த்திய கண்ணாடிப் பாட்டிலில் சூடாகவே ஊற்றி மூட வேண்டும்.

வெள்ளைச் சர்க்கரைக்குப் பதில் கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரையும் போடலாம். பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் போவதும் இந்தச் சர்க்கரைதான். இதில் தூசி இருக்கும் என்பதால் பாகைக் கட்டாயம் வடிகட்ட வேண்டும். நிறம் கறுக்கும், கரும்பு வாசம் தூக்கலாக இருக்கும்.

எல்லாப் பழத்துக்கும் ஒரே முறை பொருந்தாது. எலுமிச்சைச் சாறு கொதித்தால் கசக்கும். பாகைத் தனியே காய்ச்சி ஆறவைத்த பிறகே சாற்றை ஊற்றுவார்கள். கெடாமலிருக்கச் சேர்க்கும் பொட்டாசியம் மெட்டாபைசல்பைட் நாவல், திராட்சைப் பாகுக்கு ஆகாது. அது நிறத்தை வெளுக்கச் செய்யும். கடைச் சரக்கில் சோடியம் பென்சோவேட் சேர்ப்பது அதனால்தான்.

ஒரு பங்கு பாகுக்கு நான்கைந்து பங்கு தண்ணீர், சிட்டிகை உப்பு, கொஞ்சம் இஞ்சிச் சாறு சேர்த்தால் சர்பத். இடியாப்பம் போன்ற சந்தகைக்குத் தேங்காய்த் துருவலோடு வெல்லத்துக்குப் பதில் இதை ஊற்றிப் பிசையலாம். தினைப் பாயசத்தில் சேர்ப்பதானால் பால் ஆறியபின் விட வேண்டும். சூட்டில் விட்டால் புளிப்பால் பால் திரிந்துவிடும். ஒரு மேசைக்கரண்டிப் பாகில் ஏறக்குறைய 13 கிராம் சர்க்கரை இருப்பதால், நெல்லிதானே என்று நீரிழிவுக்காரர்கள் தாராளமாகக் குடிக்கக் கூடாது. பாட்டிலில் குமிழியோ புளித்த வாடையோ வந்தால் பாகின் பதம் குறைந்திருக்கிறது என்று பொருள். அதைக் கொட்டிவிட வேண்டும்.