தேவையற்ற வணிக அழைப்புகளுக்கு எதிரான சட்ட நடவடிக்கை

தேவையற்ற வணிக அழைப்புகளுக்கு எதிரான சட்ட நடவடிக்கை என்பது, ஒருவரின் ஒப்புதல் இல்லாமலோ அவர் பதிவு செய்துள்ள விருப்பத்துக்கு மாறாகவோ தொலைபேசி வழியாகப் பொருள்களையும் சேவைகளையும் விளம்பரம் செய்பவர்கள் மீதும், அதைத் தடுக்கத் தவறும் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் மீதும் எடுக்கப்படும் நடவடிக்கை ஆகும். இந்தியாவில் இதற்கு மூன்று வழிகள் உள்ளன. அவை, 1909 என்ற எண்ணில் தொடங்கும் ஒழுங்குமுறைப் புகார், நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் தொடுக்கும் வழக்கு, ஏமாற்றும் நோக்கம் இருந்தால் காவல்துறையிடம் அளிக்கும் புகார் என்பனவாகும். முதல் வழி அழைப்பவரின் இணைப்பைத் துண்டிக்க உதவுகிறது. இழப்பீடு பெற இரண்டாவது வழியை நாட வேண்டும். முதல் வழியில் கிடைக்கும் புகார் எண்ணே இரண்டாவது வழிக்கு முக்கியச் சான்றாகிறது. பெருநகரங்களில் இருப்பவர்களுக்கு மட்டுமன்றி, சேலம் மாவட்டத்தின் ஏற்காடு போன்ற மலைப்பகுதிகளில் வாழ்பவர்களுக்கும் இவ்வழிகள் திறந்தே உள்ளன.

எந்த அழைப்பு விதிமீறல்

விற்பனை நோக்கில் வரும் எல்லா அழைப்புகளும் சட்டத்துக்குப் புறம்பானவை அல்ல. இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் (டிராய்) விதிகளின்படி, வணிக அழைப்புகளைச் செய்பவர் தொலைத்தொடர்பு நிறுவனத்திடம் பதிவு பெற்றிருக்க வேண்டும். விளம்பர அழைப்புகள் 140 என்று தொடங்கும் எண்களிலிருந்து மட்டுமே வர வேண்டும். வங்கிக் கணக்கு, காப்பீடு போன்றவை தொடர்பான சேவை அழைப்புகளுக்கு 1600 என்று தொடங்கும் எண்வரிசை ஒதுக்கப்பட்டுள்ளது. சாதாரணப் பத்து இலக்க எண்ணிலிருந்து வரும் விற்பனை அழைப்பு இவ்விதிகளை மீறுவதாகும்.

வாடிக்கையாளர் தம் எண்ணை விருப்பப் பதிவேட்டில் சேர்த்து எல்லா விளம்பரங்களையும் தடுக்கலாம். வங்கி மற்றும் நிதி, வீடு மனை விற்பனை, கல்வி, உடல்நலம், சுற்றுலா முதலிய பிரிவுகளில் வேண்டியதை மட்டும் அனுமதிக்கவும் செய்யலாம். பேச்சு வழக்கில் இது டி.என்.டி. பதிவு எனப்படுகிறது. இவ்வாறு பதிவு செய்தவருக்கு, அவர் தடுத்த பிரிவில் விளம்பர அழைப்பு வந்தால், 140 எண்ணிலிருந்து வந்தாலும் அது விதிமீறலே. அவர் குறிப்பிட்ட நிறுவனத்துக்குத் தனியாக ஒப்புதல் அளித்திருந்தால் மட்டும் விலக்கு உண்டு. அந்த ஒப்புதலைப் பின்னர் திரும்பப் பெறலாம். திரும்பப் பெற்றபின் 90 நாட்களுக்கு அந்நிறுவனம் மீண்டும் ஒப்புதல் கேட்கக் கூடாது.

சட்ட வரலாறு

செல்பேசி பரவலானபோது விளம்பர அழைப்புகளும் பெருகின. 2005ஆம் ஆண்டில் ஹர்ஷ் பாடக் என்ற வழக்கறிஞர் இதற்கு எதிராக உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தார். 2007ஆம் ஆண்டு டிராய் முதல் ஒழுங்குமுறைகளை வெளியிட்டு, தேசிய அளவில் அழைப்பு மறுப்புப் பதிவேட்டை ஏற்படுத்தியது. அழைப்பதற்கு முன் விளம்பர நிறுவனங்கள் இப்பதிவேட்டைச் சரிபார்க்க வேண்டும் என்பது விதி. ஆனால் பதிவு பெறாமலேயே அழைப்பவர்களை இம்முறையால் கட்டுப்படுத்த இயலவில்லை.

2010ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள் பிரிவுவாரியான விருப்பத் தேர்வைக் கொண்டுவந்தன. இப்போது நடைமுறையில் இருப்பவை 2018 ஜூலை 19 அன்று வெளியிடப்பட்ட ஒழுங்குமுறைகளாகும். அனுப்புநர், ஒப்புதல், செய்தி வடிவம் ஆகியவற்றைத் தொடரேட்டுத் தொழில்நுட்பத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று இவை கூறுகின்றன. 2024 ஆகஸ்ட் 13 அன்று, பதிவு பெறாமல் விளம்பர அழைப்புகள் செய்வோரின் இணைப்புகளைத் துண்டிக்குமாறு டிராய் உத்தரவிட்டது. அடுத்த சில வாரங்களில் 2.75 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகள் துண்டிக்கப்பட்டன. 2025 பிப்ரவரி 12 அன்று வெளியான திருத்தம் புகார் நடைமுறையை மேலும் எளிதாக்கியது.

நாடாளுமன்றச் சட்ட அளவில், 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டத்தின் 28ஆம் பிரிவு முன் ஒப்புதல், தொந்தரவு செய்யாதே பதிவேடு, புகார் முறை ஆகியவற்றுக்கு விதிகள் வகுக்க வழிசெய்கிறது. இப்பிரிவு 2024 ஜூன் 26 முதல் நடைமுறைக்கு வந்தது.

முதல் படி: 1909

விதிமீறிய அழைப்பு வந்த 7 நாட்களுக்குள் வாடிக்கையாளர் தம் தொலைத்தொடர்பு நிறுவனத்திடம் புகார் செய்ய வேண்டும். முன்பு இக்கெடு 3 நாட்களாக இருந்தது. 1909 என்ற எண்ணை அழைத்தோ, அதற்குக் குறுஞ்செய்தி அனுப்பியோ, டிராயின் டி.என்.டி. செயலி வழியாகவோ, நிறுவனத்தின் இணையதளம் வழியாகவோ புகார் செய்யலாம். அழைத்தவரின் எண், அழைப்பு வந்த நாள், பேசப்பட்டதன் சுருக்கம் ஆகியவை போதும். பதிவு பெறாத அழைப்பாளர் மீது புகார் செய்ய, புகார்தாரர் டி.என்.டி. பதிவு செய்திருக்க வேண்டிய தேவையும் 2025 திருத்தத்துக்குப் பின் இல்லை.

பதிவு பெறாத அழைப்பாளர் மீதான புகாரில் 5 நாட்களுக்குள் நடவடிக்கை எடுக்க வேண்டும். ஒரே அழைப்பாளர் மீது 10 நாட்களுக்குள் 5 புகார்கள் வந்தால் நடவடிக்கை தொடங்குகிறது. முன்பு 7 நாட்களில் 10 புகார்கள் தேவைப்பட்டன. முதல் முறை விதிமீறலுக்கு 15 நாட்கள் வெளிச்செல்லும் அழைப்புகள் நிறுத்தப்படும். மீண்டும் மீறினால் அவருடைய எல்லா இணைப்புகளும் ஓராண்டுக்குத் துண்டிக்கப்பட்டு, அவர் கறுப்புப் பட்டியலில் சேர்க்கப்படுவார். எனவே தனி ஒருவரின் புகார் பயனற்றதாகத் தோன்றினாலும், அதே எண்ணிலிருந்து அழைப்பு பெற்ற பிறரின் புகார்களோடு சேர்ந்து அது எண்ணப்படுகிறது. எண்ணைத் தம் செல்பேசியில் தடை செய்துவிட்டு அமைதியாக இருப்பவரின் குறை இக்கணக்கில் சேர்வதில்லை.

புகாரின் முடிவு நிறைவளிக்காவிட்டால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியை அணுகலாம். டிராய் தனிநபர் புகார்களை நேரடியாக விசாரிப்பதில்லை. தொலைத்தொடர்புத் தகராறுகளுக்கான மேல்முறையீட்டுத் தீர்ப்பாயமும் தனி நுகர்வோரின் வழக்கை ஏற்பதில்லை. நுகர்வோர் குழுவாகச் சென்றால் மட்டுமே அங்கு இடமுண்டு. தனிநபர் இழப்பீடு கோரும் இடம் நுகர்வோர் ஆணையமே.

நுகர்வோர் ஆணைய வழக்கு

இத்துறையில் பெரிதும் அறியப்பட்ட வழக்கு டெல்லியைச் சேர்ந்த வழக்கறிஞர் நிவேதிதா சர்மா தொடுத்ததாகும். விளம்பர அழைப்புகளாலும் குறுஞ்செய்திகளாலும் தொல்லைக்குள்ளான அவர், செல்பேசி நிறுவனம், செல்பேசி நிறுவனங்களின் சங்கம், இரண்டு வங்கிகள் ஆகியவற்றுக்கு எதிராக டெல்லி மாநில நுகர்வோர் ஆணையத்தை நாடினார். 2006ஆம் ஆண்டு அந்த ஆணையம் எதிர்த்தரப்பினர் மொத்தம் 75 லட்சம் ரூபாய் தண்டத் தொகையும், புகார்தாரருக்கு 50,000 ரூபாய் இழப்பீடும் செலுத்த உத்தரவிட்டது. எதிர்த்தரப்பினர் தேசிய ஆணையத்தில் மேல்முறையீடு செய்யாமல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் நீதிப்பேராணை மனு தாக்கல் செய்தனர். உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை இரத்து செய்தது. 2011 டிசம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம் உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பை விலக்கியது. சட்டத்தில் மேல்முறையீட்டு வழி இருக்கும்போது அதைத் தாண்டி உயர் நீதிமன்றத்தை நாடியது சரியல்ல என்பது அத்தீர்ப்பின் சாரம்.

இடையில் வேறொரு தடையும் எழுந்தது. 2009ஆம் ஆண்டு, எம். கிருஷ்ணன் என்பவரின் வழக்கில், 1885ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்தின் 7பி பிரிவு நடுவர் தீர்வுக்கு வழிசெய்திருப்பதால் தொலைபேசித் தகராறுகளை நுகர்வோர் மன்றங்கள் விசாரிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் கூறியது. இத்தீர்ப்பைக் காட்டித் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் பல வழக்குகளில் விசாரணையையே எதிர்த்தன. 2022 பிப்ரவரி 16 அன்று, வோடபோன் ஐடியா எதிர் அஜய் குமார் அகர்வால் வழக்கில், மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு இத்தடையை நீக்கியது. நடுவர் தீர்வு இருப்பது நுகர்வோர் ஆணையத்தின் அதிகாரத்தைப் பறிக்காது என்று அமர்வு தீர்ப்பளித்தது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் "சேவை" என்பதற்கான வரையறையிலேயே தொலைத்தொடர்பைச் சேர்த்துள்ளது. 2023ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டமும் இச்சட்டத்தின்கீழ் தீர்வு தேடும் உரிமையைப் பாதுகாக்கிறது.

வழக்கில் யாரை எதிர்த்தரப்பாகச் சேர்ப்பது என்பது முக்கியம். பணம் செலுத்திச் சேவை பெறுபவரே நுகர்வோர். முன்பின் அறியாத நிறுவனம் அழைத்தால், அழைக்கப்பட்டவர் அந்நிறுவனத்தின் நுகர்வோர் ஆகமாட்டார். ஆனால் தம் தொலைத்தொடர்பு நிறுவனத்துக்கு அவர் நுகர்வோரே. ஆகவே முறையான புகார்களுக்குப் பின்னும் அழைப்புகளைத் தடுக்கத் தவறியதைச் சேவைக் குறைபாடு என்று வாதிடலாம். தாம் வாடிக்கையாளராக உள்ள வங்கியோ கடையோ தம் எண்ணைப் பிறருக்கு அளித்திருந்தால், நம்பிக்கையின் பேரில் தந்த தனிப்பட்ட தகவலை வெளியிடுவது நியாயமற்ற வணிக நடைமுறை என்னும் 2019 சட்டத்தின் விதி துணை செய்கிறது.

ஏற்காட்டிலிருந்து தொடுக்கும் வழக்கு

சேர்வராயன் மலையில் உள்ள ஏற்காடு சேலம் மாவட்டத்தின் ஒரு வட்டம். சேலம் நகரிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து அங்கு செல்ல வேண்டும். சிறு குறைக்காகப் பலமுறை மலையிறங்கி வழக்காடுவது கூலித் தொழிலாளருக்கும் சிறு காப்பித் தோட்டக்காரருக்கும் கட்டுப்படியாகாது. நுகர்வோர் சட்டத்தின் சில விதிகள் இச்சிக்கலைக் குறைக்கின்றன.

முந்தைய 1986ஆம் ஆண்டுச் சட்டத்தில், பொதுவாக எதிர்த்தரப்பு இருக்கும் இடத்திலோ வழக்குக்கான காரணம் எழுந்த இடத்திலோ வழக்குத் தொடுக்க வேண்டியிருந்தது. 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின் 34ஆம் பிரிவு, புகார்தாரர் வசிக்கும் இடத்திலேயே வழக்குத் தொடுக்க அனுமதிக்கிறது. எனவே நிறுவனத்தின் தலைமையகம் மும்பையில் இருந்தாலும், ஏற்காட்டில் வசிப்பவர் சேலம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் அளிக்கலாம். புகாரை இணையவழியில் தாக்கல் செய்யலாம். காணொளி வழி விசாரணை கோரவும் சட்டத்தில் இடமுண்டு. செலுத்திய கட்டணம் 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் ஆணையக் கட்டணம் இல்லை. இங்கு கணக்கிடப்படுவது கேட்கும் இழப்பீடு அல்ல, சேவைக்குச் செலுத்திய தொகை என்பதால் செல்பேசி வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் இச்சலுகைக்குள் வருவர். வழக்கறிஞர் இல்லாமல் தாமே வாதாடலாம். காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும். மாவட்ட ஆணையத்தின் உத்தரவை எதிர்த்து 45 நாட்களுக்குள் மாநில ஆணையத்தில் மேல்முறையீடு செய்யலாம். ஒரே குறையுடைய பலர் ஆணையத்தின் அனுமதி பெற்று ஒரே வழக்காகவும் தொடுக்கலாம்.

ஏற்காடு போன்ற மலைவாழிடங்களைக் காட்டி மனை, குடில் விற்பதாக அழைப்பு வந்தால் வேறொரு சட்டமும் பொருந்தும். 2016ஆம் ஆண்டின் வீடு மனை ஒழுங்குமுறைச் சட்டப்படி, 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தில் அமையும் மனைப்பிரிவைப் பதிவு செய்யாமல் விளம்பரப்படுத்தவோ விற்கவோ கூடாது. மீறினால் திட்ட மதிப்பில் 10 விழுக்காடு வரை தண்டம் விதிக்கலாம். அழைப்பவரிடம் திட்டத்தின் பதிவு எண்ணைக் கேட்டு, தமிழ்நாடு வீடு மனை ஒழுங்குமுறைக் குழுமத்தின் இணையதளத்தில் அதைச் சரிபார்க்கலாம்.

சான்றுகள்

வழக்கின் வெற்றி பெரும்பாலும் ஆவணங்களைப் பொறுத்தது. பின்வருவனவற்றைச் சேர்த்து வைப்பது வழக்கம்:

• விருப்பப் பதிவு செய்ததற்கான உறுதிச் செய்தி
• அழைப்புகளின் நாள், நேரம், எண் ஆகியவற்றைக் காட்டும் திரைப்பிடிப்புகள்
• 1909 புகார் எண்களும், அவற்றுக்கு நிறுவனம் அளித்த பதில்களும்
• அழைப்பு ஒலிப்பதிவு இருந்தால் அதன் மூலக் கோப்பு
• மேல்முறையீட்டு மனுவின் நகல்
• கட்டண இரசீதுகள்

மின்னணுப் பதிவுகளைச் சான்றாக அளிக்கும்போது, 2023ஆம் ஆண்டின் பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆம் பிரிவின்படியான சான்றிதழை இணைப்பது பின்னாளில் எழும் ஆட்சேபங்களைத் தவிர்க்கும்.

மோசடி அழைப்புகள்

வங்கி அதிகாரி போலவோ காவல் அதிகாரி போலவோ நடித்துப் பணம் பறிக்கும் அழைப்பு விளம்பர விதிமீறல் அல்ல, குற்றம். பணம் இழந்தவர் உடனே 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும். விரைவாகத் தெரிவித்தால் பணம் சென்ற கணக்கை முடக்கும் வாய்ப்பு அதிகம். பணம் இழக்கவில்லையெனில், சந்தேக அழைப்பைச் சஞ்சார் சாத்தி இணையதளத்தின் சக்சு பகுதியில் தெரிவிக்கலாம்.

வரம்புகளும் பிற நாடுகளும்

இந்திய முறையில் விதிமீறிய ஒவ்வோர் அழைப்புக்கும் இவ்வளவு தொகை என்று நிர்ணயிக்கப்பட்ட இழப்பீடு இல்லை. அமெரிக்காவின 1991ஆம் ஆண்டுத் தொலைபேசி நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், விதிமீறல் ஒன்றுக்கு 500 டாலரும், தெரிந்தே செய்யப்பட்டதாயின் 1,500 டாலர் வரையும் கோர அழைப்பு பெற்றவருக்கே உரிமை தருகிறது. அங்கு இழப்பை மெய்ப்பிக்காமலேயே வழக்குத் தொடுக்க முடியும். சிங்கப்பூரில் 2014 ஜனவரி முதல் அழைப்பு மறுப்புப் பதிவேடு இயங்குகிறது. இந்தியாவில் மன உளைச்சலும் சேவைக் குறைபாடும் ஒவ்வொரு வழக்கிலும் தனித்தனியே மெய்ப்பிக்கப்பட வேண்டும்.

வாட்சப் போன்ற இணையச் செயலிகள் வழியாக வரும் அழைப்புகள் 1909 முறைக்குள் வருவதில்லை. 2023ஆம் ஆண்டின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், செல்பேசி எண் போன்ற தரவுகளை ஒப்புதலின்றிப் பயன்படுத்துவதைக் கட்டுப்படுத்துகிறது. எனினும் அச்சட்டத்தின்கீழ் விதிக்கப்படும் தண்டத் தொகை அரசுக்கே செல்லும்; பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடாகக் கிடைக்காது. இதனால் தனிநபர் இழப்பீட்டுக்கு நுகர்வோர் ஆணையமே தொடர்ந்து முதன்மை வழியாக உள்ளது.