மளிகைக் கடையிடம் பாடம் படித்த கார் கம்பெனி

பெரிய கம்பெனிக்காரர்கள் வந்து நமக்கு வியாபாரம் சொல்லிக் கொடுப்பது வாடிக்கையாகிவிட்டது. சரக்கை எப்படி அடுக்குவது, பில் எப்படிப் போடுவது, வாடிக்கையாளரிடம் எப்படிப் பேசுவது என்று வகுப்பு எடுக்கிறார்கள். கேட்டுக்கொள்வதில் தவறில்லை. ஆனால் மளிகைக் கடையைப் பார்த்துத் தொழில் கற்றுக்கொண்ட ஒரு பெரிய கம்பெனியும் உலகத்தில் உண்டு. அது ஜப்பான் நாட்டு டொயோட்டா. 2024ஆம் ஆண்டில் தன் குழுமக் கம்பெனிகளையும் சேர்த்து ஒரு கோடிக்கும் அதிகமான வாகனங்களை விற்று உலகில் முதலிடத்தில் நின்ற நிறுவனம். அதன் தொழிற்சாலைகளில் சரக்கு நகர்வதற்கு ஆதாரமாக இருக்கும் சீட்டுக்கு 'கான்பான்' என்று பெயர். ஜப்பானிய மொழியில் அந்தச் சொல் கடையின் பெயர்ப் பலகையைக் குறிக்கும்.

பெயர்ப் பலகை என்பது தகரமும் பெயிண்டும் மட்டுமல்ல என்பதை வணிகர்களாகிய நமக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. 'அந்தக் கடையில் எடை சரியாக இருக்கும்' என்று ஊர் பேசினால் அதுதான் பலகை. டொயோட்டா வண்டி என்றால் நடுவழியில் நிற்காது என்று பல நாட்டு மக்களும் பேசுகிறார்கள். அந்தப் பேச்சு எப்படி வந்தது, எந்தெந்த நேரத்தில் அடிபட்டது என்பதை நம் வாசக அன்பர்களுக்கு வணிகர் கண்ணோடு சொல்ல விரும்புகிறோம்.

தறியில் தொடங்கிய தொழில்

கதை காரில் தொடங்கவில்லை. 1867இல் ஒரு தச்சரின் மகனாகப் பிறந்த சாக்கிச்சி டொயோடா என்பவர் வாழ்நாள் முழுதும் தறியைச் சீர்திருத்துவதிலேயே செலவிட்டார். 1924இல் அவர் முடித்த தானியங்கித் தறியின் சிறப்பு வேகம் மட்டுமல்ல. ஓர் இழை அறுந்தாலும் தறி தானே நின்றுவிடும். அறுந்த இழையோடு பத்து கஜம் நெய்துவிட்டுப் பிறகு தலையில் கை வைத்து உட்காரும் வேலை இல்லை. இந்தத் தறியின் உரிமையை இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ் கம்பெனிக்குக் கொடுக்க 1929இல் ஒரு லட்சம் பவுனுக்கு ஒப்பந்தம் ஆயிற்று.

அவர் மகன் கீச்சிரோவுக்குக் கார் மேல் ஆசை. தறிக் கம்பெனிக்குள்ளேயே 1933இல் மோட்டார் பிரிவு தொடங்கினார். 1936இல் சின்னம் தேர்ந்தெடுத்தபோது குடும்பப் பெயரான 'டொயோடா' கம்பெனிப் பெயராக 'டொயோட்டா' என்று மாறியது. ஜப்பானிய எழுத்தில் அப்படி எழுதினால் எட்டுக் கோடுகளில் முடியும். எட்டு அவர்களுக்கு ராசியான எண். எண் கணிதம் பார்த்துக் கடைப் பெயரில் ஓர் எழுத்தைக் கூட்டும் நம் ஆட்களைக் கேலி செய்கிறவர்கள் இதைக் கவனிக்கலாம். 1937இல் டொயோட்டா மோட்டார் கம்பெனி தனியாகப் பதிவாயிற்று.

ராசி இருந்தும் முதல் சரக்கு சரியாக இல்லை. 1935இல் வந்த ஜி1 லாரியை அறிமுக விழாவுக்காக டோக்கியோவுக்கு ஓட்டிச் சென்றபோது வழியிலேயே ஸ்டீயரிங் பாகம் உடைந்தது. விற்ற லாரிகளும் அடிக்கடி நின்றன. ஜெனரல் மோட்டார்சின் ஜப்பான் கிளையிலிருந்து அந்த ஆண்டு வந்து சேர்ந்த ஷோதாரோ காமியா என்பவர் விற்பனையைக் கவனித்தார். வண்டி நின்ற இடத்துக்கே ஆள் போய்ச் சரிசெய்தது. உடைந்த பாகத்தைத் தொழிற்சாலையில் மாற்றி வடிவமைத்தார்கள். முதலில் வாங்குகிறவர் நலம், அடுத்து விற்கும் ஏஜென்ட் நலம், கடைசியில்தான் தயாரிப்பவர் நலம் என்பது காமியாவின் கொள்கை. இந்த வரிசையை நம் ஊர்களுக்குச் சரக்கு அனுப்பும் கம்பெனிகள் தலைகீழாகப் பிடித்திருப்பதை நாம் நாள்தோறும் பார்க்கிறோம்.

வராத பாக்கி

நம் வாசகர்கள் நின்று படிக்க வேண்டிய ஆண்டுகள் 1949, 1950. போருக்குப் பின் ஜப்பானில் விலைவாசி தாறுமாறாக ஏறிக் கிடந்தது. அதை அடக்க 1949இல் அமெரிக்க ஆலோசகர் டாட்ஜ் என்பவரின் திட்டப்படி அரசு பணப் புழக்கத்தை இறுக்கியது. விலை இறங்கியது, கூடவே வியாபாரமும் படுத்தது. தவணைக்கு லாரி வாங்கியவர்களால் பணம் கட்ட முடியவில்லை. கணக்கில் விற்பனை இருந்தது, கல்லாவில் பணம் இல்லை. சம்பளம் கொடுக்கவே வழியில்லாத நிலை. கடனுக்குச் சரக்கைக் கொடுத்துவிட்டு நோட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு இந்த வலி புரியும்.

ஜப்பான் மத்திய வங்கியின் நகோயா கிளை முன்னின்று வங்கிகளைக் கூட்டிக் கடன் ஏற்பாடு செய்தது. நிபந்தனைகள் கடுமையானவை. விற்பனைக்கென்று தனிக் கம்பெனி வைக்க வேண்டும், விற்கும் அளவுக்குத்தான் தயாரிக்க வேண்டும், ஆட்களைக் குறைக்க வேண்டும். ஆட்குறைப்பை எதிர்த்து வேலைநிறுத்தம் நடந்தது. ஏறத்தாழ 2,000 பேர் வெளியேறினார்கள். தொழிலாளர்களை அனுப்பிவிட்டுத் தாம் நாற்காலியில் இருக்கலாகாது என்று கீச்சிரோவும் 1950 ஜூனில் தலைவர் பதவியை விட்டு விலகினார். அதே மாதக் கடைசியில் கொரியப் போர் மூண்டது. அமெரிக்க ராணுவம் ஆயிரக்கணக்கில் லாரிகள் கேட்டது. கம்பெனி பிழைத்தது. கீச்சிரோ அதன் வளர்ச்சியைப் பார்க்கவில்லை; 1952இல் காலமாகிவிட்டார்.

அந்த அடிக்குப் பிறகு டொயோட்டா கையில் ரொக்கம் வைத்துக்கொள்வதில் கெட்டியாக இருந்தது. 'டொயோட்டா பேங்க்' என்று மற்றவர்கள் பட்டப் பெயர் வைக்கும் அளவுக்கு!

அலமாரி சொன்ன வழி

விற்கும் அளவுக்கே தயாரிப்பது என்று சொல்லிவிடலாம். ஒரு வண்டிக்கு ஆயிரக்கணக்கான பாகங்கள். எதை எப்போது எவ்வளவு செய்வது? இதற்கு வழி கண்டவர் தாயிச்சி ஓனோ. இவரும் குடும்பத்தின் நூற்பாலையிலிருந்து 1943இல் மோட்டார் கம்பெனிக்கு வந்தவர். அமெரிக்காவில் நடக்கும் சூப்பர் மார்க்கெட்டுகளைப் பற்றிக் கேள்விப்பட்டு யோசிக்கத் தொடங்கினார். 1956இல் நேரிலும் போய்ப் பார்த்தார். வாடிக்கையாளரே சரக்கை எடுத்துக்கொள்ளும் அந்த முறை, 1916இல் மெம்பிஸ் நகரில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் திறந்த பிக்லி விக்லி என்ற மளிகைக் கடையில் பிரபலமானது.

ஓனோ கண்டது இதுதான். வாடிக்கையாளர் தேவையானதை, தேவையான அளவு எடுத்துப் போகிறார். அலமாரியில் காலி இடம் தெரிகிறது. கடைக்காரர் அந்த இடத்தை மட்டும் நிரப்புகிறார். யாரும் யார் தலையிலும் சரக்கைக் கட்டவில்லை. தொழிற்சாலையிலும் இப்படியே பின்னால் இருக்கும் பிரிவு முன்னால் இருக்கும் பிரிவிடம் போய் வேண்டியதை எடுத்துவர வேண்டும். எடுத்த அளவுக்குத்தான் முன் பிரிவு மறுபடி செய்ய வேண்டும். பாகங்களோடு போய்வரும் சீட்டுதான் கான்பான்.

நம் நிலைமையைப் பாருங்கள். மாதக் கடைசி ஆனால் விற்பனைப் பிரதிநிதி வந்து, டார்கெட் முடியவில்லை, பத்துப் பெட்டி எடுத்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சுகிறார். எடுக்காவிட்டால் வேகமாக ஓடும் சரக்கை நிறுத்திவிடுகிறார்கள். எடுத்தால் தேதி முடிந்து மூலையில் கிடக்கிறது. திருப்பி எடுக்க ஆளில்லை. தேவைப்பட்டதை நாம் கேட்க வேண்டும், அவர்கள் தர வேண்டும் என்ற முறை நம் தொழிலில் பிறந்தது. அதை ஒரு கார் கம்பெனி கடைப்பிடிக்கிறது, நமக்குச் சரக்குத் தருகிறவர்கள் மறந்துவிட்டார்கள்.

தறியின் புத்தியையும் ஓனோ விடவில்லை. கார் வரிசையில் வேலை செய்யும் எந்தத் தொழிலாளியும் குறையைக் கண்டால் தலைக்கு மேல் உள்ள கயிற்றை இழுக்கலாம். உடனே மேற்பார்வையாளர் ஓடி வருவார், சரியாகாவிட்டால் வரிசை நிற்கும். பிறகு 'ஏன்' என்று ஐந்து முறை கேட்க வேண்டும் என்பார் ஓனோ. சர்க்கரை மூட்டை நனைந்துவிட்டது என்று வையுங்கள். மூட்டையை மாற்றினால் வேலை முடிந்தது என்பது ஒருவகை. கூரை ஏன் ஒழுகியது, ஓடு எப்போது உடைந்தது, உடைந்ததைப் பார்த்த பையன் ஏன் சொல்லவில்லை என்று போனால், சொன்னால் திட்டு விழும் என்று அவன் பயந்திருப்பது தெரியவரும். பருப்பில் வண்டு இருக்கிறது, போட வேண்டாம் என்று நம் கடையில் எடை போடும் பையன் தைரியமாகச் சொல்ல முடிகிறதா?

ஆனால் இருப்பே வைக்காமல் தொழில் நடத்துவது வேதவாக்கு என்று எண்ண வேண்டியதில்லை. 1997 பிப்ரவரி 1ஆம் தேதி ஐசின் என்ற கம்பெனியின் தொழிற்சாலை எரிந்தது. டொயோட்டாவுக்கு வேண்டிய ஒரு சிறு பிரேக் வால்வு ஏறக்குறைய முழுவதும் அங்கேதான் தயாரானது. கையிருப்பு மிகக் குறைவு. ஜப்பானில் இருந்த டொயோட்டா தொழிற்சாலைகள் அநேகமாக எல்லாமே நின்றன. தையல் மிஷின் கம்பெனி உட்பட பல பட்டறைகள் அந்த வால்வைச் செய்து கொடுக்க, சில நாட்களில் மீண்டார்கள். 2011 பூகம்பத்துக்குப் பிறகு, கிடைக்காமல் போனால் தொழிலே நிற்கும் என்ற சில பாகங்களுக்கு, குறிப்பாக மின்னணுச் சில்லுகளுக்கு, மாதக் கணக்கில் இருப்பு வைக்கச் சொன்னார்கள். 2021இல் உலகமே சில்லுக்குத் தவித்தபோது ஆகஸ்ட் வாக்கில்தான் டொயோட்டாவுக்குப் பெரிய அடி விழுந்தது. மற்றவர்கள் அதற்கு முன்பே திணறிக்கொண்டிருந்தார்கள். மழைக்காலத்துக்கு அரிசி, பருப்பு கூடுதலாக வைக்கும் நம் பெரியவர்களின் கணக்கும் தப்பில்லை.

புகார் வந்தபோது

1957இல் டொயோட்டா அமெரிக்காவில் கடை விரித்தது. மறு ஆண்டு விற்றது 288 வண்டி. ஜப்பானின் கரடு முரடான சாலைக்குத் தாங்கிய டொயோபெட் கிரவுன், அமெரிக்க நெடுஞ்சாலை வேகத்தில் சூடேறித் திணறியது. 1960 டிசம்பரில் கார் அனுப்புவதையே நிறுத்தினார்கள். விளம்பரம் செய்து தள்ளிவிடப் பார்க்கவில்லை. அந்தச் சாலைக்கு ஏற்ற கொரோனா காரோடு 1965இல் மறுபடி வந்தார்கள். அடுத்த ஆண்டு ஜப்பானில் அறிமுகமான கொரோலா 2021க்குள் 5 கோடியைத் தாண்டி விற்றது.

1989 செப்டம்பரில் லெக்சஸ் என்ற விலை உயர்ந்த கார் அமெரிக்காவில் வந்தது. சில மாதங்களிலேயே பிரேக் விளக்கு, ஒயர் இணைப்பு பற்றி ஓரிரு புகார்கள். விற்றது சுமார் 8,000 கார். அத்தனையையும் திரும்பப் பார்ப்பதாக டிசம்பரில் அறிவித்தார்கள். வீட்டுக்கே வந்து காரை எடுத்துப் போய், மாற்றுக் கார் கொடுத்து, சரிசெய்து, கழுவி, பெட்ரோல் நிரப்பித் திருப்பி விட்டார்கள். புதுக் கடையின் பெயர் முதல் ஆண்டிலேயே கெட்டிருக்க வேண்டியது. அதுவே பெயரை உயர்த்திவிட்டது.

இந்த வண்டிகள் உழைப்பதற்கு இன்னொரு காரணம், மாற்றத்தில் அவசரம் காட்டாததுதான். 1984இல் வந்த லேண்ட் குரூசர் 70 வரிசை இன்றும் தயாராகிறது. பழகிய எஞ்சின், எந்த ஊரிலும் கிடைக்கும் பாகம், எந்த மெக்கானிக்கும் அறிந்த வேலை. அதனால்தான் ஆப்பிரிக்கக் காட்டுப் பாதைகளில் ஐ.நா. அமைப்புகள் அதை நம்பிப் போகின்றன. விளம்பரமே வாங்காத கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் என்ற அமெரிக்கப் பத்திரிகை கார் உரிமையாளர்களைக் கேட்டு ஆண்டுதோறும் போடும் பட்டியலில், முதலிடம் சில ஆண்டு கைமாறினாலும், டொயோட்டாவும் லெக்சசும் நெடுங்காலமாக முன் வரிசையில் இருக்கின்றன.

இவ்வளவு பெயர் எடுத்தவர்களும் சறுக்கினார்கள். 2008இல் ஜெனரல் மோட்டார்சைத் தாண்டி முதலிடம் பிடித்த சூட்டோடு, 2009, 2010இல் கால்மிதி விரிப்பில் ஆக்சிலேட்டர் சிக்குகிறது, மிதித்த பெடல் மெதுவாகவே திரும்புகிறது என்ற குறைகளுக்காக லட்சக்கணக்கான வண்டிகளைத் திரும்ப அழைக்க நேர்ந்தது. உயிர்களும் போயின. 2010 பிப்ரவரியில் கீச்சிரோவின் பேரன் அகியோ டொயோடா அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன் நின்று மன்னிப்புக் கேட்டார். வளர்ச்சி அளவுக்கு மீறி வேகமாகப் போய்விட்டது என்று ஒப்புக்கொண்டார்; எல்லா வண்டியிலும் என் பெயர் இருக்கிறது என்றார். மின்னணுக் கோளாறு இல்லை என்று 2011இல் ஆய்வு முடிவு வந்தது. ஆனாலும் குறைகளைப் பற்றி மக்களுக்கு உண்மையை முழுதாகச் சொல்லவில்லை என்பதற்காக 2014இல் 120 கோடி டாலர் அபராதம் கட்டினார்கள். பெடல் குறையை விட மறைத்த குறைதான் அதிக விலை கேட்டது என்பது நம் எண்ணம்.

2023 டிசம்பரில் இன்னொன்று. டொயோட்டாவுக்கு முழுச் சொந்தமான டைஹாட்சு கம்பெனி, 64 மாடல்களில் பாதுகாப்புச் சோதனைகளில் முறைகேடு செய்தது வெளிவந்தது. சில 1989 வரை பின்னோக்கிப் போயின. எல்லா வண்டிகளும் வெளியே போவது நிறுத்தப்பட்டது. கெடு நெருக்கியதால் கீழே உள்ளவர்கள் சோதனையில் கை வைத்தார்கள் என்றது விசாரணை அறிக்கை. கயிற்றை இழுக்க யாரும் துணியவில்லை போலும்.

நம் நாட்டில் 1997இல் கிர்லோஸ்கர் குழுமத்தோடு சேர்ந்து கம்பெனி தொடங்கி, பெங்களூருக்கு அருகே பிடதியில் தொழிற்சாலை அமைத்தார்கள். 2000இல் குவாலிஸ் வந்தது. தோற்றம் பழசு என்று பலர் முகம் சுளித்தார்கள். வாடகை வண்டிக்காரர்கள் ஓட்டிப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னார்கள். நன்றாக விற்றுக்கொண்டிருந்தபோதே 2005இல் அதை நிறுத்திவிட்டு இன்னோவாவைக் கொண்டுவந்தார்கள். 2019 முதல் மாருதியின் பலேனோவே கிளான்சா என்ற பெயரில் டொயோட்டா முத்திரையோடு விற்கிறது. மூட்டை ஒன்று, முத்திரை இரண்டு என்பது நம் மண்டிக்குப் புதிதல்ல.

நம் உறுப்பினர்களில் பலர் சரக்குக்கும் குடும்பத்துக்குமாகப் பழைய இன்னோவா வாங்கக் கேட்டுக்கொண்டிருப்பதை அறிவோம். இந்த வண்டிக்குப் பழைய விலையே உயர்வாக இருப்பதால் கிலோமீட்டரைக் குறைத்துக் காட்டும் தரகர்களும் உண்டு. சர்வீஸ் பதிவுகளைக் கேளுங்கள். சேசிஸ் எண்ணைக் கொடுத்து, திரும்ப அழைக்கப்பட்ட வண்டியா, அந்த வேலை முடிந்திருக்கிறதா என்று ஷோரூமில் விசாரித்த பிறகு முன்பணம் கொடுங்கள்.