கூறிட்டுக் கணிக்கும் முறை

இராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரை கடலோரமாகச் செல்வோர் பாரந்தூக்கிகளையும் எண்ணெய்த் தொட்டிகளையும் புகைபோக்கிகளையும் காண்பர். இவை தம்மீது வரும் பாரத்தைத் தாங்குமோ என்பதைக் கட்டுமுன்னரே அறிதல் வேண்டும். அங்ஙனம் அறிதற்கு இந்நாளில் பெரிதும் வழங்குவது 'ஃபைனைட் எலிமெண்ட்' என்னும் முறையாகும். மாணவர் பலர் இதனைக் கணிப்பொறியின் பொத்தானை அழுத்தும் வித்தையென்றே கருதுகின்றனர். அஃது அவ்வளவினதன்று என்பதை ஈண்டு விளக்க விழைகின்றோம்.

ஒழுங்கற்ற வடிவமுடைய ஓர் உறுப்பினுள் விசை பரவுமாற்றை ஒரே சமன்பாட்டால் கூறுதல் பெரும்பாலும் இயலாது. ஆகவே அவ்வுறுப்பை முக்கோணம், நாற்கோணம் முதலிய சிறு கூறுகளாகப் பகுக்கின்றோம். கூறுகள் இணையும் புள்ளிகள் கணுக்கள் எனப்படும். ஒவ்வொரு கூற்றின் விறைப்பையும் எளிய விதியால் கணித்து, கணுதோறும் விசைகள் சமனாதல் வேண்டுமென்று எழுதினால், ஆயிரக்கணக்கான சமன்பாடுகள் தோன்றும். அவற்றைத் தீர்த்துக் கணுக்களின் பெயர்ச்சியையும், அதனின்று தகைவையும் தருவதே கணிப்பொறியின் வேலை. 1943இல் கூரான்ட் என்னும் கணித அறிஞர் முக்கோணக் கூறுகளை ஆண்டார். 1956இல் டர்னர், கிளஃப், மார்ட்டின், டாப் என்னும் நால்வர் விமான உறுப்புகளுக்கு இம்முறையை வகுத்தனர். 1960இல் கிளஃப் இதற்கு இப்பெயரைச் சூட்டினார்.

கூறுகள் எத்துணைச் சிறியனவாதல் வேண்டும்? காசிமேட்டு மீனவரின் வலையே இதற்கு உவமை. பெருங்கண் வலையில் சிறுமீன் தங்காது. அவ்வாறே, தகைவு விரைந்து மாறும் துளையோரத்திலும் மூலையிலும் பருங்கூறுகளை இட்டால் உண்மை நழுவிவிடும். அகன்ற தகட்டில் சிறு வட்டத்துளையிட்டு இருபுறமும் இழுத்தால், துளையோரத்தில் தகைவு 3 மடங்காகும் என்பது 1898இல் கிர்ஷ் கண்ட முடிபு. பருங்கூறுகளால் கணித்தால் அதனிற் குறைந்த விடையே வரும். கூறுகளை நுணுக்க நுணுக்க விடை 3ஐ அணுகும். மாணவர் முதற்கண் செய்யத்தக்க பயிற்சி இதுவே.

இதில் நேரும் தவறு சிறிதன்று. 1991 ஆகஸ்டு 23ஆம் நாள், நார்வே நாட்டில் ஸ்லைப்னர்-ஏ என்னும் கடல்மேடையின் கான்கிரீட் அடித்தளத்தை நீரில் அமிழ்த்திச் சோதிக்கையில், உட்சுவர் பிளந்து அது முற்றும் மூழ்கியது. சுவர்கள் கூடுமிடத்தில் பருங்கூறுகளால் கணித்தமையின், வெட்டுத்தகைவு 47 விழுக்காடு குறைவாக மதிக்கப்பட்டிருந்தது. கம்பிகளும் ஆங்குப் போதியவாறு அமையவில்லை. உயிர்ச்சேதம் நேராதது நற்பேறே.

மேலும், கணிப்பொறி நாம் கொடுத்த பாரத்தையே அறியும். புயலைத் தானாக எண்ணிப்பாராது. 1881இல் வீசிய புயல் சென்னைத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்களைச் சிதைத்ததை நாம் மறத்தலாகாது. எவ்விசை வரும் என்று முன்னுணர்தல் மனிதன் கடமை.

ஆகவே இக்கலை பயில்வோர் முதலில் உத்திரமொன்றின் தொய்வைக் கையால் கணித்தறிக. தாங்கிகளின் எதிர்விசைகளைக் கூட்டி, ஏற்றிய பாரத்துக்கு அவை ஒத்துள்ளனவா என்று பார்க்க. கூறுகளை மேலும் நுணுக்கி, விடை மாறாது நிற்கிறதா என்று சோதிக்க. திரையில் தோன்றும் வண்ணப்படம் அழகியதாயினும், பாரந்தூக்கியின் கீழ் நின்று உழைக்கும் தொழிலாளியின் உயிரைக் காப்பது இச்சோதனைகளே.