நுண்கணிதத்துக்கும் ஒரு பாயிரம்

சென்ற மாரிக்காலத்து மாலைப்பொழுதொன்றில், பல்லாண்டுகளுக்கு முன் என்னிடம் தமிழ் பயின்ற மாணவன் ஒருவன் இல்லம் தேடி வந்தான். மட்டக்களப்பு வாவிக்கரைச் சிற்றூரிற் பிறந்து, உயர்தரத்தில் இணைந்த கணிதத்தைத் தமிழிலே கற்றுத் தேறி, வெளிமாவட்டப் பல்கலைக்கழகமொன்றின் விஞ்ஞான பீடத்தில் அப்போதுதான் சேர்ந்திருந்தான். நுண்கணித வகுப்பின் முதல் நாளன்று வழங்கப்பட்ட ஆங்கிலத் தாளொன்றை என்முன் வைத்து, "ஐயா, கணக்கு விளங்குகிறது, இந்தத் தாள்தான் விளங்கவில்லை" என்றான்.

யான் கணிதம் அறிந்தவனல்லேன். எனினும் தாளை வாங்கி மெல்ல மெல்லப் படித்தேன். நூற்றுக்கு 80 வீத வரவு இல்லாதவர் பரீட்சைக்கு அமர இயலாது. வாரந்தோறும் பயிற்சிக் கணக்குகளைக் குறித்த நாளில் ஒப்படைத்தல் வேண்டும். விடை மாத்திரம் எழுதினாற் புள்ளி இல்லை. காரணங் காட்டல் வேண்டும். தோழரோடு கூடி ஆராயலாம். எழுதுவதோ அவரவர் கையாலேயே நிகழ்தல் வேண்டும். படிக்கப் படிக்க எனக்கு ஒருவகை மகிழ்ச்சியே உண்டாயிற்று. "தம்பி, இது பாயிரம் அல்லவா!" என்றேன்.

பவணந்தியார் 13ஆம் நூற்றாண்டில் இயற்றிய நன்னூலைக் கற்றவர், அதன் பொதுப்பாயிரத்தை மறந்திரார். நூல் இன்னது, ஆசிரியன் இன்னான், பாடஞ் சொல்லும் முறை இது, மாணாக்கன் இன்னான், பாடங் கேட்கும் முறை இது என ஐந்தையும் வகுத்த பின்னரே எழுத்திலக்கணம் தொடங்கும். ஆசிரியன் சொன்னதை நன்கு கேட்டாலும் மாணாக்கனுக்குக் காற்பங்கே வாய்க்கும். உடன்கற்பாரொடு பழகுதலால் இன்னொரு காற்பங்கு. பிறர்க்கு எடுத்துரைப்பதால் எஞ்சிய அரைப்பங்கு என்பது அவர் கணக்கு. தோழரோடு ஆராய்க என்ற இக்காலத்து விதிக்கு இதனினும் சிறந்த உரை யாது?

கடை மாணாக்கருக்கு அவர் கூறும் உவமைகளுள் நெய்யரியும் ஒன்று. நெய்யை ஒழுகவிட்டுக் கசடைப் பற்றிக்கொள்வது அது. கடந்தகால வினாத்தாள்களை மாத்திரம் திரும்பத் திரும்பச் செய்து, சூத்திரத்தைப் பிடித்துக்கொண்டு காரணத்தை ஒழுகவிடும் பழக்கத்தை நம் தனியார் வகுப்புகள் எத்துணை வளர்த்துவிட்டன! பல்கலைக்கழகத்து முதலாண்டு நுண்கணிதம் இப்பழக்கத்தைத்தான் முதலில் உடைக்கின்றது. பாடசாலையில் "எல்லை" என்றால் ஒன்றை நெருங்கிச் செல்வது, அவ்வளவே போதும். அங்கோ அதனை நிறுவிக்காட்டல் வேண்டும். "எவ்வளவு சிறிய இடைவெளியை நீ கேட்பினும், அதற்குத் தக்க அயலை யான் காட்டுவேன்" என்று எதிரிக்கு விடை கூறுவது போன்றது அந்நிறுவல் என மாணவன் விளக்கினான். நம் உரையாசிரியர்களின் தடைவிடை முறை இதற்கு அந்நியமன்று என்றேன். அவன் முகம் சற்றே தெளிந்தது.

ஆனால் அத்தாளில் ஒரு குறை கண்டேன். மாணாக்கன் கடமை நிரம்ப இருந்தது. ஆசிரியன் கடமை ஒன்றேனும் இல்லை. பவணந்தியாரோ ஆசிரியரையும் விட்டாரல்லர். ஏற விடாமல் தானாக விழுந்த பழத்தை மாத்திரம் தரும் மடற்பனையையும், ஒருவன் வளர்க்க அடுத்த வளவிலே காய் உதிர்க்கும் முடத்தெங்கையும் அவர் ஆகாத ஆசிரியருக்கு உவமையாக்கினார். எந்நேரம் ஐயம் கேட்கலாம், திருத்திய பயிற்சி எந்நாளிற் கைக்கு வரும் என்பனவும் முதல் நாட்தாளில் இடம்பெறுதல் முறையாகும்.

மற்றொன்று மொழி. நம் பல்கலைக்கழக விஞ்ஞான பீடங்களிற் போதனை ஆங்கிலத்தில் நிகழ்கின்றது. பாடசாலைக் கணிதமோ தமிழில். அரசகருமமொழித் திணைக்களத்தின் கலைச்சொற்றொகுதிகளை ஒட்டி வளர்ந்த நம் பாடநூல் வழக்கில் வகையீடு, தொகையீடு, சார்பு, பெறுதி என வந்த சொற்கள் வெறும் பெயர்களல்ல. தொகை, வகை, விரி என்று பழகிய செவிக்கு அவை தம் பொருளைத் தாமே சொல்லும். மாரியில் முகத்துவாரம் மணலால் அடைபட்டிருக்க, வாவி நீர் ஏறுகின்றது. கரையோரத் தாழ்வயற்காரர் கேட்பது "நீர் எவ்வளவு?" என்பதன்று, "என்ன வேகத்தில் ஏறுகின்றது?" என்பதே. அது வகையீட்டு வினா. ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு, கரை எங்கும் கோணலாய்க் கிடக்கும் வாவியை மெல்லிய கீலங்களாகப் பகுத்துக் கூட்டிப் பரப்புக் காண்பது தொகையீடு. இவற்றைத் தமிழில் உணர்ந்தவன், ஆங்கிலப் பெயர் தெரியாமையால் அறியாதவனாகத் தலைகுனிந்து நிற்பது கொடுமை.

தாய்மொழியில் நுண்ணிய கணிதக் காரணம் பேச இயலாது என்பாருக்கு ஒரு சான்று. லைப்னிற்சு தம் வகையீட்டுக் கட்டுரையை வெளியிட்டது 1684இல். அதற்கு நூற்றாண்டுக்கு மேல் முன்னரே, சேர நாட்டு மாதவரின் மரபில் வந்த சேட்டதேவர், வட்டத்தின் சுற்றளவுக்குரிய முடிவிலித் தொடரை நிறுவலோடு விளக்கி "யுக்திபாசை"யை எழுதினார். எழுதியது வடமொழியிலன்று, மலையாளத்தில். முழு நுண்கணிதம் அன்று அது. எனினும் அதன் வாயிலிலே நிற்பது. நம் காரைதீவு விபுலானந்த அடிகள் (1892–1947) மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதரும் இலண்டன் விஞ்ஞானப் பட்டதாரியுமாக இருந்தவர். 1936இல் சென்னையிற் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர். அவருடைய யாழ்நூலில் சுருதிகளின் கணக்கைத் தமிழ் தடையின்றித் தாங்கி நிற்கின்றது.

ஆங்கிலத்தை விலக்குக என்று யான் சொல்லவில்லை. மேற்கல்விக்கு அது வேண்டும். முதல் நாட்தாளின் மறுபக்கத்தில் முப்பது கலைச்சொற்களை இருமொழியிலும் அச்சிடுக. முதற்பருவத்துப் பயிற்சி வகுப்பிலேனும் தமிழில் ஐயம் கேட்க இடந் தருக. கேட்பது இவ்வளவே, செலவு ஒரு பக்க மை.

அன்றிரவு அவனும் யானும் அத்தாளின் வெறும் பக்கத்தில் கோடிட்டு, இடப்புறம் ஆங்கிலச் சொல்லும் வலப்புறம் தமிழ்ச் சொல்லுமாக எழுதினோம். பத்தொன்பது சொல் சேர்ந்தன. இருபதாவதற்குத் தமிழ் அவனுக்கும் நினைவில்லை, எனக்கும் தெரியவில்லை. உயர்தரத்தில் தனக்குக் கணிதம் கற்பித்த ஆசிரியரிடம் காலையிற் கேட்பதாகச் சொல்லித் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு புறப்பட்டான்.