மாஸ்ட் செல் நோய்க்கு எந்த டாக்டரைப் பார்ப்பது?

டாக்டர் சீட்டில் ‘மாஸ்டோசைட்டோசிஸ்’ என்று எழுதியிருக்கிறார், அல்லது அதுவாக இருக்குமோ என்று சந்தேகப்படுகிறார். கோவை கணபதியில் குடியிருக்கும் நீங்கள் அடுத்து எங்கே போவது? இந்த ஒரு நோய்க்கென்றே போர்டு மாட்டிய டாக்டரைத் தேடினால் அலைச்சல்தான் மிஞ்சும். தோல் டாக்டரும் ரத்த நோய் டாக்டரும் சேர்ந்து பார்க்க வேண்டிய வியாதி இது. இருவரும் கோவையிலேயே இருக்கிறார்கள்.

அது என்ன நோய்? மாஸ்ட் செல் என்பது நம் எல்லோருடைய தோலிலும் குடலிலும் இருக்கும் ஒரு வகை உயிரணு. அதற்குள் ஹிஸ்டமின் (அரிப்பையும் வீக்கத்தையும் கிளப்பும் வேதிப்பொருள்) நிரம்பியிருக்கும். இந்த அணுக்கள் அளவுக்கு மீறிப் பெருகித் தோலிலோ எலும்பு மஜ்ஜையிலோ சேர்ந்துவிடுவதுதான் மாஸ்டோசைட்டோசிஸ். ஒட்டிக்கொள்ளும் நோயல்ல.

காணாக்கடி என்று இத்தனை நாள் நினைத்தோமே? காணாக்கடித் தடிப்பு பெரும்பாலும் ஒரு நாளுக்குள் சுவடில்லாமல் மறையும். இதுவோ பழுப்புப் புள்ளிகளாக மாதக்கணக்கில் அங்கேயே நிற்கும். தேய்த்தால் சில நிமிடத்தில் சிவந்து தடிக்கும். தோல் டாக்டர் முதலில் செய்து பார்ப்பதும் இதைத்தான். கோவை அரசு மருத்துவமனையிலும் பீளமேடு பிஎஸ்ஜியிலும் தோல் பிரிவு உண்டு. முதல் சீட்டை அங்கே போடுங்கள்.

குழந்தைக்கு வந்தால்? பெரும்பாலும் தோலோடு நின்றுவிடும். பலருக்கு வயதுக்கு வருவதற்குள் மங்கிவிடும். அதுவரை கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றுவது, எண்ணெய் தேய்த்து உருவி உருவிக் குளிப்பாட்டுவது, சொரசொரத் துண்டால் துடைப்பது எல்லாம் வேண்டாம். பாட்டி கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

பெரியவர்களுக்கு என்ன சோதனை? ரத்தத்தில் டிரிப்டேஸ் (மாஸ்ட் செல் விடும் ஒரு புரதம்) பார்ப்பார்கள். 20-ஐத் தாண்டினால் எலும்பு மஜ்ஜைச் சோதனை வரை போக நேரலாம். அதற்கு ரத்த நோய் டாக்டர் வேண்டும்; கோவையின் பெரிய மருத்துவமனைகளில் செய்கிறார்கள்.

டிரிப்டேஸில் பலர் கோட்டைவிடுவது நேரத்தில். திடீரென்று முகம் சிவந்து, மயக்கம் வந்து விழுந்தால், அது தொடங்கி 1 முதல் 4 மணி நேரத்துக்குள் ரத்தம் எடுக்க வேண்டும். எல்லாம் அடங்கி ஒரு நாளாவது போன பிறகு இன்னொரு முறை எடுத்து ஒப்பிட வேண்டும். சாதாரண நாளில் 5 இருப்பவருக்கு அந்த நேரத்தில் 8 இருந்தாலே மாஸ்ட் செல் வெடித்ததற்கு அடையாளம். 8 என்பதைத் தனியாகப் பார்த்தால் ‘நார்மல்’ என்று ரிப்போர்ட் வந்துவிடும். ஆகவே இரண்டு தாளையும் ஒரே ஃபைலில் வையுங்கள்.

வேலூர் போக வேண்டுமா? மஜ்ஜை முடிவில் குழப்பம் இருந்தாலோ, நோய் முற்றிய வகை என்றாலோ சிஎம்சியின் ரத்தநோய்ப் பிரிவில் இரண்டாவது கருத்துக் கேட்கலாம். சேரன் எக்ஸ்பிரஸில் ஏறிக் காட்பாடியில் இறங்குவது சுலபம். ஆனால் சிஎம்சிக்கு வேலூர் ஊருக்குள் ஒரு வளாகம், ராணிப்பேட்டை பக்கம் ஒரு வளாகம். உங்கள் சீட்டில் எது போட்டிருக்கிறது என்று கிளம்பும் முன்பே பாருங்கள். மஜ்ஜைச் சோதனையின் கண்ணாடி ஸ்லைடுகளையும் மெழுகுக் கட்டியையும் கேட்டு வாங்கிப் போனால் திரும்ப ஊசி குத்த வேண்டி வராமல் இருக்கலாம்.

அன்றாடம் எதில் கவனம்? முதலில் மெடிக்கலில் வாங்கும் ‘செட்’ மாத்திரை. இடுப்புவலிக்கு அவர்கள் கத்தரித்துக் கொடுக்கும் கலவையில் டைக்ளோபினாக்கோ ஐபுபுரூபனோ இருக்க வாய்ப்பு அதிகம். சிலருக்கு அவையே மாஸ்ட் செல்லை வெடிக்க வைக்கும். பேர் தெரியாத மாத்திரையை இனி விழுங்காதீர்கள். பாராசிட்டமால் பெரும்பாலோருக்கு ஒத்துக்கொள்கிறது. இதயத்துக்காக ஆஸ்பிரின் எடுத்து ஒன்றும் ஆகாதவர் தானாக நிறுத்த வேண்டாம், டாக்டரைக் கேளுங்கள்.

அறுவை சிகிச்சை, பல் பிடுங்குவது, சாயம் ஏற்றும் ஸ்கேன் எதுவானாலும் அதைச் செய்பவரிடமும் மயக்க மருந்து டாக்டரிடமும் நோயின் பேரை முன்கூட்டியே சொல்லுங்கள். பவுண்டரியில் உலை முன்னால் நிற்பவர் வேலை இடத்தை மாற்றிக் கேட்கலாம். சூடும் இதைக் கிளப்பும்.

தோட்டம் துரவு உள்ளவருக்குக் கதண்டும் தேனீயும் பெரிய ஆபத்து. மற்றவருக்கு வீக்கத்தோடு போவது இவர்களுக்கு உயிருக்கே வினையாகலாம். தென்னையில் கூடு கண்டால் தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லுங்கள். கொட்டி நிலைமை மோசமானால் தேவைப்படும் அட்ரினலின் (ரத்த அழுத்தம் சரிவதைத் தடுக்கும் அவசர மருந்து) வெளிநாடுகளில் பேனா வடிவில் கிடைக்கிறது. நம் மெடிக்கல்களில் அது சாதாரணமாகக் கிடைக்காது. ஆம்பூலும் சிரிஞ்சும் வாங்கி, எத்தனை மில்லி, தொடையில் எங்கே என்று டாக்டரிடம் எழுதி வாங்கி, வீட்டில் ஒருவராவது பழகிக்கொள்ளுங்கள். போட்ட கையோடு 108-ஐக் கூப்பிடுங்கள்.

மருந்து என்ன? பெரும்பாலோருக்கு அரிப்புக்கான செட்ரிசின் வகை மாத்திரைதான், அதுவும் அரித்தால் மட்டுமல்லாமல் தினமும். வயிற்று எரிச்சலுக்கு ஃபமோடிடின் சேரும். முற்றிய வகைக்கு மிடோஸ்டாரின், அவாப்ரிடினிப் என்று புது மருந்துகள் வந்திருக்கின்றன. விலை கையைக் கடிக்கும். மலிவாகக் கிடைக்கிற இமாடினிப் போதாதா என்று கேட்பீர்கள். பெரியவர்களில் பெரும்பாலோரிடம் காணப்படும் கிட் மரபணு மாற்றம் (டி816வி) இருந்தால் அது வேலை செய்யாது. இமாடினிப் எழுதினால், அந்த மரபணுச் சோதனை ரிப்போர்ட்டை முதலில் கேளுங்கள்.