தம்பிக்கு நோய், அக்காவின் மூளை ஏன் கூடுதலாக உழைக்கிறது?

ராசிங்காபுரத்திலிருந்து விடிகாலை ஜீப்பில் ஏலத்தோட்டத்துக்குப் போகும் ஓர் அக்கா. வீட்டில் தம்பிக்கு மனச்சிதைவு என்று வைத்துக்கொள்வோம். அக்காவுக்கு நோயில்லை, கூலிக்கணக்கும் தப்பாது. ஆனால் ஸ்கேனில் படுக்கவைத்து, வரிசையாக எண்களைக் காட்டி, இரண்டு எண்ணுக்கு முந்தி வந்தது எது என்று கேட்டால்? விடை சரியாகவே வரலாம். நெற்றிக்குப் பின்னுள்ள முன்மூளையில் மட்டும் ரத்த ஓட்டம் கூடுதலாகத் தெரியலாம். அதே கணக்குக்கு அதிக உழைப்பு. 2003-இல் அமெரிக்காவில் கேலிகாட் என்ற ஆய்வாளரின் குழு, நோயற்ற உடன்பிறந்தவர்களிடம் கண்டது இதைத்தான்.

காரணம், நோய்க்குச் சாய்வு தரும் பல மரபணுக்களில் சில அவர்களிடமும் இருப்பதே. பொதுவாக நூற்றில் ஒருவருக்கு வரும் நோய், உடன்பிறந்தவர்களில் ஏறக்குறையப் பத்தில் ஒருவருக்கு வரும். மற்ற ஒன்பது பேருக்கு வராது. அக்காவைப் பெண் பார்க்க வருகிறவர்கள் இந்தக் கணக்கை எங்கே கேட்கிறார்கள்! ஸ்கேனை வைத்து ஒருவருக்கு நோய் வருமா என்று இன்றைக்கு எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது.